நூலகப் பட்டியலின் சரித்திரம் – 14: இசைத்தட்டு யார் பெயரில்?

பிரிட்டிஷ் மியூசியத்தின் நூலகத்துக்காக அந்தோனியோ பனிஸ்ஸி வகுத்து, 1841-ஆம் ஆண்டில் அச்சேறிய தொண்ணூற்றொரு விதிகளைச் சென்ற இதழில் விரிவாகப் பார்த்தோம். ஒரு நூலைக் கையில் எடுத்தவுடன் அதன் கர்த்தா யார் என்று கேட்டு, அவர் பெயரை எந்த உருவத்தில் எழுதுவதென்று தீர்மானித்து, அந்தப் பெயரையே பதிவின் தலைமேல் ஏற்றிவிட்டுப் பிறகு மற்றவற்றைக் கவனிப்பதென்ற அந்த ஒழுங்கு, முழுக்க முழுக்கப் புத்தகத்தை மனத்தில் வைத்து எழுந்தது. ஆனால் நூலகத்தின் அலமாரிகளில் புத்தகங்கள் மட்டுமா இருந்தன? விதிகள் அச்சான அதே 1841-இல், அதே மியூசியத்தில் குவிந்துகிடந்த இசைப் பிரதிகளுக்குப் பட்டியல் எழுதுவதற்காகத் தாமஸ் ஆலிஃபன்ட் என்ற சங்கீத ரசிகர் ஒருவர் அமர்த்தப்பட்டார். பழைய மாட்ரிகல் பாடல்களில் மோகம் கொண்ட இவர் மறு ஆண்டே கையெழுத்து இசைப் பிரதிகளின் பட்டியலொன்றை வெளியிட்டு, 1850 வரை அந்த வேலையில் இருந்தார். கிறிஸ்துமஸ் காலத்தில் உலகெங்கும் பாடப்படும் 'டெக் த ஹால்ஸ்' பாட்டின் ஆங்கிலச் சொற்கள் இவர் எழுதியவைதாம். மெட்டோ, யார் இயற்றியதென்று தெரியாத பழைய வேல்ஸ் நாட்டு மெட்டு. அந்தப் பாட்டை எவர் பெயரில் பதிவது என்று ஒரு பட்டியலாளர் இன்று தலையைச் சொறிய நேர்ந்தால், அதற்குக் காரணமானவர் தாமே ஒரு பட்டியலாளர் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

இசைப் பிரதியின் முதல் தொல்லை அதன் தலைப்பில் இருக்கிறது. ஒரு நாவல் லண்டனில் அச்சானாலும் எடின்பரோவில் அச்சானாலும் அதன் பெயர் அநேகமாக மாறுவதில்லை. இசை விஷயத்திலோ, ஒரே கிருதியை வியன்னாவின் பிரசுரகர்த்தர் இத்தாலிய மொழியிலும், பாரிஸ்காரர் பிரெஞ்சிலும், லண்டன்காரர் ஆங்கிலத்திலும் தத்தமக்குத் தோன்றிய பெயரிட்டு விற்றார்கள். பீத்தோவன் 1802-இல் வெளியிட்ட ஒரு பியானோ சொனாட்டாவுக்கு, கற்பனைப் போக்கில் அமைந்த சொனாட்டா என்று பொருள்படும் இத்தாலியப் பெயர் ஒன்றையே அவர் இட்டிருந்தார். பிற்பாடு லுட்விக் ரெல்ஸ்டாப் என்ற விமரிசகர் அதன் முதல் பகுதியைக் கேட்டு, ஏரியின்மீது விழும் நிலவொளியோடு அதை ஒப்பிட்டாலும் ஒப்பிட்டார், அன்றுமுதல் அது 'நிலவொளி சொனாட்டா' ஆகிவிட்டது. ஜெர்மானியர் தம் மொழியிலும் பிரெஞ்சுக்காரர் தம் மொழியிலும் அந்த நிலவைக் கூப்பிட்டார்கள். தலைப்புப் பக்கத்தில் கண்டதைக் கண்டபடி எழுதி அகராதி வரிசையில் அடுக்கும் பட்டியலில், இந்த ஒரே கிருதி பீத்தோவனின் பெயருக்குக் கீழே ஐந்தாறு இடங்களில் சிதறிக் கிடக்கும். எல்லாம் ஒன்றே என்று அறியாத வாசகன் ஒன்றைக் கண்டு மற்றவற்றைக் காணாமல் போவான்.

இதற்குக் கண்ட பரிகாரம்தான், முதலில் மரபுத் தலைப்பு என்றும் பிற்பாடு சீர்மைத் தலைப்பு என்றும் வழங்கிய ஏற்பாடு. தலைப்புப் பக்கம் என்ன சொன்னாலும் சொல்லட்டும். இயற்றியவர் பெயருக்கும் அந்தத் தலைப்புக்கும் நடுவே, சதுர அடைப்புக்குறிக்குள், பட்டியலாளர் தாமே ஒரு தலைப்பை அமைத்துவிடுவார். நாம் சொன்ன கிருதிக்கு அது '[சொனாட்டாக்கள், பியானோ, எண் 14, ஓபஸ் 27, எண் 2, சி-ஷார்ப் மைனர்]' என்று அமையும். முதலில் உருப்படியின் வகை, அடுத்து வாத்தியம், பிறகு வரிசை எண், பிரசுர எண்ணாகிய ஓபஸ், கடைசியில் சுருதி என்ற இந்த வரிசை எப்போதும் மாறாது. இதில் நிலவுக்கு இடமில்லை. நிலவைத் தேடி வருபவனை இந்த இடத்துக்கு அனுப்பிவைக்க ஒரு வழிகாட்டி அட்டை தனியே நிற்கும்.

பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இந்த அடைப்புக்குறிக்குள் எவ்வளவு பாண்டித்தியம் அடங்கியிருக்கிறது என்பதை எழுதிப் பார்த்தவர்களே அறிவார்கள். வகைப் பெயரை ஒருமையில் எழுதுவதா பன்மையில் எழுதுவதா என்பதற்கே, இயற்றியவர் அந்த வகையில் ஒன்று மட்டும் செய்தாரா பல செய்தாரா என்று தெரிந்திருக்க வேண்டும். அதாவது கையில் உள்ள பிரதியைப் பதிவதற்குக் கையில் இல்லாத பிரதிகளையெல்லாம் அறிந்திருக்க வேண்டும். புத்தகப் பட்டியல் எழுதுபவரிடம் இத்தகைய நிபந்தனையை எவரும் விதித்ததில்லை. நல்லகாலமாக, பட்டியலாளருக்கு உதவியாகச் சில பெரிய உழைப்பாளிகள் வந்தார்கள். தாவரங்களிலும் கனிமங்களிலும் ஈடுபாடு கொண்டிருந்த லுட்விக் ஃபான் கெஹல் என்பவர், செடிகொடிகளை இனம்பிரிக்கும் அதே பொறுமையோடு மோட்சார்ட்டின் கிருதிகளைக் காலவரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் தொடக்க ஸ்வரங்களையும் அச்சிட்டு, 1862-இல் 626 எண்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டார். பாக்கின் கிருதிகளுக்கு 1950-இலும், ஷூபர்ட்டின் கிருதிகளுக்கு 1951-இலும் இத்தகைய அடைவுகள் கிடைத்தன. மோட்சார்ட்டின் உருப்படிகளை அவை இயற்றப்பட்ட காலம் பற்றிய புதிய ஆராய்ச்சிக்கு ஏற்ப ஆல்ஃப்ரெட் ஐன்ஸ்டைன் 1937-இல் இடம்மாற்றி வைக்கப்போய், 331 என்று உலகம் அறிந்திருந்த சொனாட்டாவுக்கு '300 ஐ' என்றொரு புது எண்ணும் சேர்ந்துகொண்டது. ஆராய்ச்சியாளருக்கு அது நியாயமாக இருக்கலாம். பட்டியலாளர்கள் பெரும்பாலும் பழைய எண்ணையே விடாமல் பிடித்துக்கொண்டார்கள், அதுவே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

எண்ணையே நம்பினால் என்ன நேரும் என்பதற்கு த்வோர்ஷாக்கின் சிம்பொனிகளைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் கிடையாது. அவர் ஒன்பது சிம்பொனிகள் இயற்றியிருந்தும், முதல் நான்கும் அச்சேறாமல் கிடந்தபடியால், பிரசுரமான ஐந்துக்கே எண்கள் வழங்கின. அந்த ஐந்தும்கூட இயற்றிய வரிசையில் எண்ணப்படவில்லை. அமெரிக்காவில் இருந்தபோது அவர் எழுதிய 'புதிய உலகம்' என்ற புகழ்பெற்ற சிம்பொனி, ஐந்தாவது என்ற பெயரில் பல்லாண்டு கச்சேரி மேடைகளை ஆண்டது. பிற்காலத்தில் ஒன்பதையும் முறைப்படி எண்ணியபோது அது ஒன்பதாவது ஆகி, முன்பு மூன்றாவதாக இருந்த எஃப் மேஜர் சிம்பொனி ஐந்தாவது ஆகிவிட்டது. பழைய ரிக்கார்டின் லேபிளைப் பார்த்து 'த்வோர்ஷாக்கின் ஐந்தாவது' என்று கேட்கும் வாசகனுக்கு அவன் கேளாத சங்கீதத்தை எடுத்துக்கொடுக்கும் அபாயம் இதனால் உண்டாயிற்று. ஓபஸ் 95, ஈ மைனர் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கும் அட்டையோ, எண் ஐந்தானாலும் ஒன்பதானாலும் சலனமின்றித் தன் கிருதியைச் சுட்டிக்கொண்டு நிற்கும்.

அமெரிக்காவில் இந்தச் சாஸ்திரத்துக்கு அடிகோலியவர் ஆஸ்கர் சானெக். காங்கிரஸ் நூலகத்தின் இசைப் பிரிவுக்கு 1902-இல் தலைவராக வந்த அவர், இரண்டே ஆண்டுகளில் இசைக்கென்று 'எம்' என்ற எழுத்தில் ஒரு பாகுபாட்டை வகுத்து வெளியிட்டார். இன்றைக்கும் பல நூலகங்களில் இசை அந்த எழுத்தின் கீழேயே இருக்கிறது. பிறகு 1931-இல் யேல் சர்வகலாசாலை இருக்கும் நியூ ஹேவனில் இசை நூலகர்கள் கூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டு, பத்தாண்டு விவாதத்துக்குப் பின் 1941-இல் இசைப் பிரதிகளுக்கும் அடுத்த ஆண்டில் கிராமபோன் தட்டுகளுக்கும் விதிகளை வெளியிட்டார்கள்.

கிராமபோன் தட்டு என்றோம். இங்கேதான் நம் கதை திரும்புகிறது.

காங்கிரஸ் நூலகத்துக்குள் ஒலிப்பதிவு நுழைந்தது 1904-இல். யேலைச் சேர்ந்த எட்வர்ட் ஸ்கிரிப்ச்சர் என்ற உளநூல் அறிஞர், ஜெர்மானியச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியத்தின் குரலைப் பதிந்து கொணர்ந்த ஓர் உருளை அது. அதன்பின் இருபதாண்டு அளவுக்கு இந்தத் துறையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1925-இல் விக்டர் கம்பெனியார் தம் தட்டுகளை நன்கொடையாக அனுப்பத் தொடங்கிய பிறகே சேகரம் வளர்ந்தது. இந்தத் தாமதத்துக்குக் காரணம் சட்டத்தில் இருந்தது: புத்தகம் அச்சிட்டவர் பதிப்புரிமைக்காகப் பிரதிகளை நூலகத்துக்கு அனுப்பியாக வேண்டும், ஒலிப்பதிவுக்கோ 1972 பிப்ரவரி வரையில் அமெரிக்கக் கூட்டரசின் பதிப்புரிமையே கிடையாது, ஆகையால் அனுப்ப வேண்டிய கட்டாயமும் கிடையாது. வராத பொருளுக்கு விதி எழுத எவர்தாம் முந்துவார்கள்?

1948 ஜூன் மாதத்தில் கொலம்பியா கம்பெனியார் நெடுநேரம் ஓடும் தட்டை வெளியிட்டார்கள். அதுவரை ஒரு பக்கத்தில் நாலைந்து நிமிஷமே ஓடிய தட்டு, இனி இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும். பன்னிரண்டு அங்குல அளவில் வெளிவந்த முதல் தட்டின் எண் எம்.எல். 4001, அதில் இருந்தது மெண்டல்சோனின் வயலின் கன்செர்ட்டோ. பட்டியலாளர் ஒருவர் இந்தத் தட்டை மேஜைமேல் வைத்துக்கொண்டு எப்படி அட்டை எழுதுவார் என்பதைக் கொஞ்சம் கூடவே உட்கார்ந்து கவனிப்போம்.

அவர் உறையை முதலில் பார்க்கக் கூடாது. உறை வியாபாரத்துக்காக அச்சானது. அதில் உள்ள எழுத்துக்கள் கண்ணைப் பறிப்பதற்காக உள்ளவை. தட்டின் நடுவே துளையைச் சுற்றி ஒட்டியிருக்கும் வட்ட லேபிள்தான் புத்தகத்தின் தலைப்புப் பக்கத்துக்குச் சமானம். இரண்டு பக்க லேபிள்களையும் சேர்த்து ஒன்றாகவே பாவிக்க வேண்டும். லேபிளைப் படித்ததும் தலைமேல் எழுதுவது வாசித்த வித்வானின் பெயர் அன்று. 'மெண்டல்சோன்-பார்த்தோல்டி, ஃபெலிக்ஸ்' என்று 1847-இல் காலமான மனிதரின் பெயர். அடுத்து அடைப்புக்குறிக்குள் '[கன்செர்ட்டோக்கள், வயலின், ஆர்க்கெஸ்ட்ரா, ஓபஸ் 64, ஈ மைனர்]'. பிறகு லேபிளில் கண்டபடி தலைப்பு; கொலம்பியா என்ற கம்பெனிப் பெயர், எம்.எல். 4001 என்ற எண். அக்காலத்துத் தட்டுகளில் வருஷம் அச்சிடும் வழக்கம் அருமையாதலால், தட்டை அடையாளம் காண அந்த எண்ணே ஆதாரம். அதில் ஓர் இலக்கம் பிசகினால் வேறு தட்டாகிவிடும். பிறகு எத்தனை தட்டு, குறுக்களவு எத்தனை அங்குலம், நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என்ற விவரம். அதற்கும் கீழே, குறிப்புப் பகுதியில், நேதன் மில்ஸ்டீன் வயலின் என்றும், நியூயார்க் பில்ஹார்மோனிக்-சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா என்றும், நடத்தியவர் புரூனோ வால்டர் என்றும் வரும். இந்த மூவருக்கும் துணைப் பதிவுகள் தனித்தனி அட்டைகளில் உண்டு. மெண்டல்சோன் பதின்மூன்று வயதில் எழுதிய டி மைனர் வயலின் கன்செர்ட்டோ ஒன்றை யெஹூடி மெனுஹின் 1952-இல் உலகுக்குக் காட்டும் வரையில், 'மெண்டல்சோனின் வயலின் கன்செர்ட்டோ' என்று சொன்னால் ரசிகர்களுக்குப் போதுமாக இருந்தது. ஓபஸையும் சுருதியையும் எழுதிவைத்த பட்டியலாளருக்கோ, அன்று ஓர் அட்டையையும் திருத்த வேண்டிய அவசியம் நேரவில்லை.

காங்கிரஸ் நூலகம் ஒலித்தட்டுகளுக்கும் அட்டை அச்சிட்டு மற்ற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியது 1953-இல். 1958-இல் இசை நூலகர் சங்கமும் அமெரிக்க நூலகச் சங்கமும் கூட்டாக வெளியிட்ட விதிநூலும், 1967-இல் வந்த ஆங்கில-அமெரிக்கப் பட்டியல் விதிகளும், அச்சுப் பிரதிக்கு உள்ள நியாயமே தட்டுக்கும் என்று விதித்தன. கர்த்தா இயற்றியவரே; வாசித்தவர், புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டுபவரைப்போல, துணைப் பதிவில் நிற்கட்டும் என்பது அதன் தாத்பரியம். பீத்தோவனுக்கும் மெண்டல்சோனுக்கும் இது பொருந்தியது. ஆனால் நெடுநேரத் தட்டு ஒரே கிருதியைத் தாங்கிவருவதோடு நில்லாமல், ஒரே பாடகி பாடிய பன்னிரண்டு பாட்டுகளைப் பன்னிரண்டு பேர் இயற்றியவையாகத் தாங்கி வந்தபோது, இயற்றியவர் பெயரில் பதிவதென்ற விதி தடுமாறத் தொடங்கியது. பன்னிரண்டு கர்த்தாக்களில் எவரைத் தலைமேல் வைப்பது? ஒவ்வொரு உருப்படிக்கும் ஓர் அட்டை எழுதி, 'இத்துடன் இன்னின்ன' என்று குறிப்பும் எழுதுவதென்றால் ஒரு தட்டுக்கு எத்தனை அட்டைகள்! நூலகத்துக்கு வந்து கேட்கும் சாமானியனோ அந்தப் பன்னிரண்டு பேரில் எவர் பெயரையும் அறியான். பாடகியின் பெயரைச் சொல்லித்தான் கேட்பான்.

நம் நாட்டு வாசகருக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. 1902-இல் கல்கத்தாவில் ஃபிரெட் கைஸ்பெர்க் ஒலிப்பதிவு செய்தபோது, கௌஹர் ஜான் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் ஆங்கிலத்தில் தம் பெயரைக் கூவி முடித்தார்; ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துத் தொழிற்சாலையில் தட்டு வார்ப்பவர்களுக்கு இது எவர் பாட்டு என்று தெரிய வேண்டுமென்பதற்காக ஏற்பட்ட உபாயம் அது. பாடியவரின் பெயர் லேபிளில் மட்டுமின்றி ஒலிக்குள்ளேயே பதிந்துவிட்டது. நம்முடைய ஆலாபனைத் தட்டு ஒன்றை இயற்றியவர் பெயரில் பதியச் சொன்னால், ராகத்துக்குக் கர்த்தா யார் என்று எழுதுவது?

1978-இல் வெளிவந்த ஆங்கில-அமெரிக்க விதிகளின் இரண்டாம் பதிப்பு, 21.23 என்ற எண்ணுள்ள விதியில் இந்த வழக்குக்குத் தீர்ப்பு எழுதியது. தட்டில் ஒரே கிருதி இருந்தாலும், ஒரே மனிதர் இயற்றிய பல கிருதிகள் இருந்தாலும் பழைய நியாயப்படி அவர் பெயரே தலைப்பு. பலர் இயற்றியவை ஒரு பொதுப் பெயரின் கீழ்த் தொகுக்கப்பட்டிருந்தால், முதன்மைக் கலைஞரின் பெயரே தலைப்பு; அத்தகையோர் இருவரோ மூவரோ ஆனால் முதலில் குறித்திருப்பவர்; நால்வரோ மேற்பட்டோ ஆனால், அல்லது முதன்மையானவர் என்று எவரும் இல்லாமற்போனால், தட்டின் பெயரே தலைப்பு. பொதுப் பெயர் இல்லாத தொகுப்பில் மட்டும், கலைஞரின் பங்கு வெறும் வாசிப்புக்கு அப்பால் செல்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜாஸ், ராக் முதலியவற்றில் செல்லும் என்றும், சாஸ்திரீய சங்கீதத்தில் பொதுவாகச் செல்லாது என்றும் கொண்டு பதிய வேண்டும். முதன்மைக் கலைஞர் யார் என்பதை எதைக்கொண்டு அறிவது என்று கேட்டால், லேபிளின் சொல்லமைப்பையும் எழுத்தின் அளவையும் பார் என்று காங்கிரஸ் நூலகத்தின் விளக்கம் கூறிற்று. ஆக, அச்சுக்கோப்பவர் எடுத்த பெரிய எழுத்து, பட்டியல் சாஸ்திரத்தின் தீர்ப்பாயிற்று. விதியெழுதியவர்களைப் பரிகசிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பாடகியின் புகழை அளக்க நூலகருக்கு வேறு அளவுகோலும் இல்லை.

ஆயினும் ஒரு வினோதம் மிஞ்சியது. ஒரு பாடகி பத்துப் பேரின் பாட்டுகளைப் பாடினால் அவர் பெயர் தலைமேல் ஏறும். ஒரே ஒரு பாட்டைப் பாடினால் ஏறாது. இதன் விளைவை கோல்மன் ஹாக்கின்ஸின் தட்டில் முழுமையாகக் காணலாம். ஜானி கிரீன் 1930-இல் இயற்றிய 'பாடி அண்ட் சோல்' என்ற காதல் பாட்டை, சாக்ஸபோன் வித்வானான ஹாக்கின்ஸ் 1939 அக்டோபரில் ப்ளூபேர்ட் கம்பெனிக்காகப் பதிந்தார். தொடக்கத்தில் கொஞ்ச தூரம் கிரீனின் மெட்டைத் தொட்டுக் காட்டிவிட்டு, பிறகு அதன் ஸ்வரக்கட்டை மட்டும் அஸ்திவாரமாக வைத்துக்கொண்டு மூன்று நிமிஷ நேரம் முழுவதையும் தம் மனோதர்மத்தால் நிரப்பினார். ஜாஸ் உலகம் இன்றும் பாடமாகப் படிக்கும் பதிவு அது. கிரீனின் மெட்டைத் தேடிக்கொண்டு எவரும் அந்தத் தட்டை எடுப்பதில்லை, ஆனாலும் 21.23 விதியின் எழுத்துப்படி, ஒரே கிருதி ஆனமையால், அட்டையின் தலைமேல் கிரீன், கீழே துணைப் பதிவில் ஹாக்கின்ஸ்.

இதற்குப் பரிகாரம் வர 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு வெளிவந்து பழைய விதிகளின் இடத்தைப் பிடித்த ஆர்.டி.ஏ. என்ற விதிநூல், பாடுபவரோ வாசிப்பவரோ கிருதியைத் தம் கற்பனையால் கணிசமாக மாற்றி, மனோதர்மமாக வளர்த்துச் சமைத்திருந்தால் அதைப் புதிய கிருதியாகவே கொண்டு அவர் பெயரில் பதியலாம் என்று இடம் கொடுத்தது. எவ்வளவு மாற்றினால் கணிசம் என்பதை அது பட்டியலாளரின் செவிக்கே விட்டுவிட்டது. ஹாக்கின்ஸின் பெயர் தலைமேல் ஏற வழி பிறந்தபோது, காங்கிரஸ் நூலகம் அட்டை அச்சிடுவதை நிறுத்திப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கணிப்பொறியில் கிரீன் என்று தட்டினாலும் ஹாக்கின்ஸ் என்று தட்டினாலும் அதே பதிவுதான் வரும். ஆனபடியால் ஒருவர் பெயரைத் தலைமேல் ஏற்றும் முதன்மைப் பதிவே இனி வேண்டாம் என்று வாதிப்பவர்களும் தோன்றினார்கள். ஒரு கிருதியை மற்றொரு நூலில் குறிப்பிட வேண்டுமானால் ஒரு பெயரும் ஒரு தலைப்பும் சேர்ந்த முகவரி வேண்டாமா என்று இசை நூலகர்கள் அவர்களை மறித்தார்கள். கிருதி வேறு, அதன் வெளிப்பாடு வேறு, அது ஏறியிருக்கும் பிரதி வேறு என்று 1998-இல் உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு செய்த பாகுபாட்டில் இந்த வாதம் எவ்வாறு புது உருவம் கொண்டது என்பதை அடுத்த இதழில் காண்போம்.